திங்கட்கிழமை மழை

அத்தியாயம் 7

"உங்க மழை நோட்டைக் குடுங்க. எண்பத்து மூணாம் வருஷத்தோடது."

கெரின் டாக் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து மூன்று நிமிடம் ஆகவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தேநீர்க் கெண்டி கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு மேஜை நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் புளூயி கண்ணை இறுக மூடிக்கொண்டான். காரில் வரும்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டவன் அவன்.

"பட்டதாரியம்மா, கேளு. இந்த மாலிப் பண்ணைச் சீமையில ஒருத்தன்கிட்ட அவன் பொண்டாட்டி ஏன் ஓடிப்போனாள்னு கேட்கலாம். கோவிச்சுக்க மாட்டான். தினம் மழை அளவு எழுதுற அந்த நோட்டைப் பார்க்கணும்னா மட்டும் மரியாதையா அரை மணி நேரம் மழையைப் பத்திப் பேசணும், ரெண்டு ஸ்கோன் ரொட்டி திங்கணும். அப்புறம் அவனே எடுத்து நீட்டுவான். போலீஸ்காரி மாதிரி அதட்டிக் கேட்டுடாதே."

அம்மா சொன்னது இதைவிடச் சுருக்கம். "ஹாலம் வீட்ல பச்சைத் தண்ணிகூடக் கேட்காதே." பதினான்கு வருடமாக அதே வாக்கியம்தான். அது மானமா பயமா என்று கெரினுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு பேர் பேச்சையும் தாண்டியாயிற்று.

மெர்வ் ஹாலம் கோபப்படவில்லை. அறுபத்தெட்டு வயது. கழுத்து வெயிலில் வெந்து வெந்து பழைய செருப்புத் தோலாகியிருந்தது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"டெஸ் டாக்கோட பொண்ணு வாசல்ல வந்து நிக்குதுன்னதும் என் வயித்துல புளி கரைஞ்சுது. கடைசியில மழை நோட்டா?"

"வேற என்ன கேட்பேன்னு நினைச்சீங்க?"

"வர்றவன் எல்லாம் ஒண்ணுதான் கேட்பான். டிவிக்காரன் கேட்பான், புத்தகம் எழுதுறவன் கேட்பான். கதவைத் திறந்ததும் என்ன பார்த்தேன்னு." சிரிப்பு நின்றுவிட்டது. "மழையைப் பத்தி எவனும் கேட்டதில்ல. அறுபத்தாறுல கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாள் விட்டது கிடையாது நம்ம நோட்டு. எல்லாம் உக்கிராண அறையில இருக்கு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மிஸஸ் ஹாலம் திரும்பாமலே சொன்னாள்: "அந்தக் காலத்து நோட்டெல்லாம் எலி தின்னிருக்கும், மெர்வ்."

"எலியா? போன வாரம்தானே யூனா நீ ஒவ்வொண்ணா எடுத்துத் தூசி தட்டினே!"

அவர் எழுந்து உள்ளே போனார். புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று கெரின் நினைத்துக்கொண்டாள். தன் பையைத் திறந்து மூடினாள். உள்ளே ஒரு புகைப்படமும் ஒரு காகிதமும் இருந்தன. இரண்டில் எதை முதலில் வெளியே எடுக்கிறோம் என்பதில் அப்பாவின் மிச்ச ஆயுள் தொங்கிக்கொண்டிருந்தது.

வாராபின் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஆகஸ்ட் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஹாலம் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணையில் ரஸ்ஸல் ட்ரெவின், அவர் மனைவி கிளெனிஸ், பதினைந்து வயது மகன் கிரெய்க், மூன்று பேரும் மாதா கோயிலுக்குப் போட்ட உடையோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சுடப்பட்டார்கள். செவ்வாய் மதியம்வரை யாருக்கும் தெரியாது. போன் அடித்தால் எடுக்கவில்லை என்று பார்க்கப் போன மெர்வ் ஹாலம்தான் கண்டுபிடித்தார். ட்ரெவின் ஆட்டுக்கொட்டகையில் எடுபிடியாக இருந்த டெஸ் டாக்கை, கம்பளி மூட்டைக்குப் பக்கத்தில் புகை பிடித்தான் என்று சனிக்கிழமைதான் ரஸ்ஸல் வேலையை விட்டுத் துரத்தியிருந்தார். ஞாயிறு சாயங்காலம் அந்தச் சாலையில் டெஸ் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இரவு ஒன்பதரைக்கு மதுக்கடையில் கைகலப்பு. போலீஸ் தூக்கிக் கொட்டடியில் போட்டது. அன்றைக்கு உள்ளே போனவர்தான்.

எடுபிடி, குடிகாரன், சண்டைக்காரன். ஜூரிக்கு வேறென்ன வேண்டும்? நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதில் பத்து நிமிடம் தேநீருக்கு.

நேற்று வாராபினில், உள்ளூர்ப் பத்திரிகை ஆபீஸின் பின்கட்டில், புளூயி பழைய நெகடிவ் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தான். எண்பத்து மூன்றில் அவன் இருபத்திரண்டு வயதுப் புகைப்படக்காரன். செவ்வாய் மதியம் ட்ரெவின் வீட்டு வாசலில் நின்று படம் பிடித்தவன். அவன் தலை செம்பருத்திப் பூப்போலச் சிவப்பு. சிவப்புத் தலையனைப் புளூயி, அதாவது நீலம், என்று கூப்பிடுவது இந்த நாட்டு வழக்கம். இந்த நாட்டு நீதியும் அதே வழக்கப்படிதான் நடக்கிறது என்பது கெரினின் கட்சி.

"இதைப் பாரு," என்று ஒரு படத்தை நீட்டினான். "அச்சுக்கே போகல. சார்ஜென்ட் வாசல் கம்பத்துல சாஞ்சுக்கிட்டு மூக்கு நோண்டுறார். ஆசிரியர் வேண்டாம்னுட்டார். போலீஸ் துறையோட ஆழமான ஒரே விசாரணை அது."

கெரின் மூக்கைப் பார்க்கவில்லை. சார்ஜென்டின் முழங்கைக்குப் பக்கத்தில், கம்பத்தில் திருகியிருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். மழை அளக்கும் குழாய். எல்லாப் பண்ணையிலும் இருப்பது; தினம் காலை ஒன்பதுக்கு அளவு பார்த்துக் கொட்டிவிடுவார்கள். வெயில் குறுக்கே அடித்ததில் அடிக்கோடுவரை பளிச்சென்று தெரிந்தது.

"புளூயி, அந்த ஞாயிறு ராத்திரி மழை பெய்ஞ்சுதா இல்லையா?"

"பெய்ஞ்சுதாவா? பஞ்சம் முடிஞ்ச வருஷம். பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியுற வரைக்கும் கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. என் கார் சேத்துல மாட்டி நின்னதே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வாரம் சொட்டு இல்ல."

"அப்ப குழாய் ஏன் காலியா இருக்கு?"

புளூயி படத்தை வாங்கினான். வாயில் இருந்த கேலியை விழுங்கினான். "ஆவியாயிருக்கும்..."

"ஆகஸ்ட் குளிர்ல, ஒன்றரை நாள்ல, ஒரு குழாய்த் தண்ணியா? உன் மூளைதான் ஆவியாகும்."

ரஸ்ஸல் ஞாயிறே செத்துவிட்டார். டெஸ் மழைக்கு முன்னாலேயே கொட்டடியில். ஆக, மழை விட்ட பிறகு, திங்கள் காலைக்கும் செவ்வாய் மதியத்துக்கும் நடுவில், யாரோ ஒருவர் அந்த வாசலுக்கு வந்திருக்கிறார். வீட்டுக்குள் மூன்று பிணம். வந்தவர் கத்தவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. மழைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஊர்சுத்தி எவனும் அதைச் செய்ய மாட்டான்," என்றாள் கெரின். "நகரத்துக்காரனுக்கு அது என்னன்னே தெரியாது. விவசாயி கைதான் அங்கே தானா போகும்."

புளூயி மெதுவாகச் சொன்னான்: "கொட்டுறதுக்கு முன்னாடி அளவு பார்த்திருப்பான். பார்க்காம கொட்டினா ராத்திரி தூக்கம் வராது இவனுங்களுக்கு. பார்த்தா எழுதியே ஆகணும்."

"எங்கே எழுதியிருப்பான்?"

அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் புதன்கிழமைக் காலை. செத்தவர்களைக் கண்டுபிடித்தவர், அதற்கப்புறம் அந்த நிலத்தையும் சேர்த்து உழுகிறவர், மெர்வ் ஹாலம் வீடு.

மெர்வ் நோட்டோடு வந்தார். கருப்பு அட்டை. ஊர் உரக்கடைக்காரர் கிறிஸ்துமஸுக்கு இலவசமாகக் கொடுப்பது. மேஜைமேல் வைத்துத் தட்டினார், ஏதோ பேரப்பிள்ளையை உட்கார வைப்பதுபோல.

"பார்த்துக்கோம்மா. எண்பத்து ரெண்டோட பஞ்சம் தெரியணும்னா அதையும் தர்றேன். பக்கம் பக்கமா சைபர்."

"மெர்வ், அந்தப் பொண்ணு இன்னும் ஸ்கோனைத் தொடல," என்றாள் யூனா. "எடுத்துக்கோ கண்ணு. பிளம் ஜாம், நம்ம மரத்தோடது."

"பசியில்லை."

"எனக்கு இருக்கு," என்றான் புளூயி. "நாட்டுக்காக நான் தியாகம் பண்றேன்." இரண்டு எடுத்துக்கொண்டான். அப்படியே எழுந்து சுவரில் மாட்டிய மாட்டுச்சந்தைக் காலண்டரைப் பார்க்கிறவன்போல, வாசற்கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். "துப்பாக்கியெல்லாம் இங்கேதான் மாட்டியிருக்குமா அந்தக் காலத்துல? ஆணி மட்டும் இருக்கு."

"போன வருஷமே அரசாங்கத்துக்கிட்ட குடுத்தாச்சு," என்றார் மெர்வ். "சட்டம் வந்துதே."

"சட்டம் வாழ்க." புளூயி ஜாமை நக்கினான்.

கெரின் பக்கங்களைத் தள்ளினாள். ஜனவரி சைபர். பிப்ரவரி சைபர். மார்ச்சில் மழை வந்திருந்தது. நாளுக்கு ஒரு வரி, தேதி, பக்கத்தில் ஒரு எண். சின்னச் சின்ன, நிமிர்ந்த, பள்ளிக்கூட எழுத்து. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, எல்லாம் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பத்தி. ஆகஸ்ட் பதினான்குவரை ஒரே பத்தி.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தது. அடிமட்டம் வைத்து, அவசரமில்லாமல். இப்போது இரண்டு பத்தி.

முதல் பத்தியில்: 28 மில்லிமீட்டர். அடுத்த பத்தியில்: 34.

அதற்கப்புறம் வருடக் கடைசிவரை இரண்டு பத்திதான். ஒரு நாள் விடவில்லை.

 மூன்று பேர் செத்தது வெளியே தெரிந்தது செவ்வாய் மதியம். இந்த நோட்டோ திங்கள் காலையே பக்கத்துப் பண்ணையின் மழையைத் தன்னுடையதாகச் சேர்த்துக்கொண்டுவிட்டது. பிணம் ஆறி முடியவில்லை. அதற்குள் கோடு கிழித்துப் பட்டா.

"மிஸ்டர் ஹாலம்." நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "இந்த ரெண்டாவது பத்தி யாரோட நிலம்?"

மெர்வ் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் இருந்தது. "எது? ஓ, இதுவா. கிழக்குப் பக்கம். ட்ரெவின் நிலம். அதை நாம சேர்த்துப் பார்க்க ஆரம்பிச்சப்போ..."

"தேதியைப் படிங்க."

படித்தார். உதடு அசைந்தது. மறுபடி படித்தார்.

"இது தப்பு. செவ்வாய்தானே நான் போனேன்..."

"திங்கள்கிழமை அந்த வாசல்ல நின்னு குழாயைப் பார்த்து, தண்ணியைக் கொட்டிட்டு, வீட்டுக்கு வந்து எழுதியிருக்கீங்க. மறுநாள் புதுசா பார்க்கிற மாதிரி போய்க் கண்டுபிடிச்சிருக்கீங்க. எங்கப்பா பதினாலு வருஷமா உள்ள இருக்கார். இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்தா?" கிழவர் நிஜமாகவே திகைத்துப்போய்ப் பார்த்தார். "அம்மாடி, என் கையெழுத்தைக் கோழி பார்த்தா வெட்கப்படும். நான் ஒன்பது மணிக்கு ஆட்டுப் பட்டியில இருப்பேன். குழாயைப் பார்க்கிறது, எழுதுறது எல்லாம்..."

நிறுத்திவிட்டார். பத்தியின் தலைப்பில் அவர் விரல் நின்றிருந்தது. சின்ன, நிமிர்ந்த எழுத்தில் இரண்டு சொல்: அப்பா இடம்.

"எங்கப்பா ரயில்வேயில கொடி ஆட்டினவர்," என்றார் யாருக்கும் இல்லாமல். "அவருக்கு ஏது இடம்?"

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. யூனா கையைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக.

"எங்கப்பாவுக்கு இருந்தது," என்றாள்.

  புளூயி கையில் கடித்த ஸ்கோன் அப்படியே இருந்தது.

கெரினுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தது. வழக்குக் கோப்பில் படித்திருக்கிறாள், ஒரு வரி: இறந்தவரின் அக்கா, திருமதி யூனா ஹாலம், துக்கத்தில் இருப்பதால் விசாரிக்கப்படவில்லை. தேநீர் கொடுத்தாள் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் அந்தச் சமையலறையில் துப்பறிவாளர்கள் ஸ்கோன் தின்றுவிட்டு, கழுவித் தருகிறவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும்தானே பார்க்கவில்லை, என்று நினைத்தாள். 

"ஏழு வயசுலேருந்து அந்தக் குழாயை நான்தான் பார்த்தேன்," என்றாள் யூனா. குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. "ரஸ்ஸல் பார்க்க மாட்டான். அவனுக்குக் குளிரும். ஆட்டு ஈத்துக்கு நான், உழவுக்கு நான். நரி வந்தா சுடுறதுக்கும் நான்தான். அப்பா உயில்ல பொட்டைப்பிள்ளைக்கு ஒரு டஜன் வெள்ளிக் கரண்டி. அவனுக்கு நாலாயிரம் ஏக்கர். அவனுக்கப்புறம் அந்தக் கிரெய்க்குக்கு."

"கிரெய்க்குக்குப் பதினஞ்சு வயசு," என்றாள் கெரின்.

யூனாவின் கண் ஒரு தடவை மட்டும் மேஜைக்குத் தாழ்ந்தது. "ஆமா."

"யூனா," என்றார் மெர்வ். அழைப்பதுபோல இல்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்பதுபோல இருந்தது.

"திங்கள் அவங்க நாய்களுக்குச் சாப்பாடு வைக்கத்தான் போனேன், மெர்வ். சங்கிலியில கட்டிக் கிடக்கே, அதுங்க என்ன பண்ணும்? வர்ற வழியில குழாய் நிறைஞ்சிருந்துது. ஒன்பது மணி."

அவ்வளவுதான். நாய் பட்டினி கிடக்கக் கூடாது. மழை எழுதாமல் போகக் கூடாது.  அதைவிட மோசமாக, யூனா அந்தக் கரண்டியைப் பற்றிச் சொன்னபோது தனக்குள் ஏதோ ஒன்று ஆமாம் என்று தலையாட்டியது கெரினுக்குத் தெரிந்தது. அதை அங்கேயே மிதித்தாள்.

"எங்கப்பாவுக்குக் கரண்டிகூடக் கிடைக்கல, மிஸஸ் ஹாலம்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன், கேளு கண்ணு." யூனா எதிரே வந்து உட்கார்ந்தாள். கெண்டியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. "வெள்ளிக்கிழமை பரோல் குழு கூடுது. செத்தவங்க சொந்தம்னு எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கடிதம் வரும். ஒவ்வொரு தடவையும் விட்டுடுங்கன்னுதான் எழுதியிருக்கேன். உங்கப்பாதான் ஒத்துக்க மாட்டேங்கிறார். செஞ்சேன், மன்னிச்சுடுங்கன்னு ஒரு வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கம்மா கையால சாப்பிடலாம்."

கெரின் பையை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஒரு வரி அவளிடம் இருந்தது. அம்மா தட்டச்சு பண்ணிக் கொடுத்தது. 'இந்தக் குற்றத்தை நான் செய்தேன் என ஒப்புக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. எப்படியாவது கையெழுத்து வாங்கிடு, உன் பேச்சைத்தான் கேட்பார் என்று அம்மா அழுதிருந்தாள்.

"இந்த நோட்டைத் தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்?" யூனா தொடர்ந்தாள். "நீ சட்டம் படிச்ச பொண்ணு. விசாரணை, மேல்முறையீடு, மூணு வருஷம். அவர் நெஞ்சு இருக்கிற லட்சணத்துல அவர்கிட்ட மூணு வருஷம் இருக்கா? நோட்டை வச்சுட்டுப் போ. உனக்கு அப்பா கிடைப்பார். எனக்கும் வயசாச்சு. அந்த மண்ணுலயே செத்துப் போறேன்."

தப்பான கணக்கு இல்லை. அதுதான் கொடுமை. போன மாதம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பா இருமியது கெரினின் காதில் கேட்டது. இருமி முடித்துவிட்டு அவர் சொன்னதும் கேட்டது: "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லிட்டு வெளியே வந்தா, வர்றது வேற ஒருத்தன்டி."

பையைத் திறந்தாள். காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

புளூயி பதறினான். "கெரின்..." அவன் பட்டதாரியம்மா என்று சொல்லாதது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

யூனா மூச்சு விட்டாள். "நல்ல பொண்ணு."

கெரின் காகிதத்தைக் குப்புறத் திருப்பினாள். வெற்றுப் பக்கத்தை மெர்வ் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"எழுதுங்க, மிஸ்டர் ஹாலம். இந்த நோட்டு உங்க வீட்டு நோட்டு. இதுல இருக்கிற கையெழுத்து யாரோடது. அந்த ரெண்டாவது பத்தியில நீங்க ஒரு எழுத்துகூட எழுதல. இதை நீங்களா மனசார எனக்குக் குடுக்கிறீங்க. தேதி போடுங்க."

"மெர்வ்," என்றாள் யூனா.

கிழவர் மனைவியைப் பார்த்தார். முப்பத்தோரு வருட மழையைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.  கோழி வெட்கப்படும் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, வேர்த்து வேர்த்து எழுதினார். பாதியில் ஒரு தடவை சொன்னார்: "கிரெய்க்குக்கு நான் சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தேன், யூனா." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைசியில் பெயரைப் போட்டார். புளூயி குனிந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான். காகிதத்தின் ஓரத்தில் பிளம் ஜாம் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது.

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது.

யூனா எழுந்தாள். ராத்திரி தூறியிருந்தது. ஆணியில் தொங்கிய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், பின்வாசல் வழியாக முற்றத்துக்கு இறங்கிக் கம்பத்தடிக்குப் போனாள். குழாயைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஓடவில்லை. ஓட அவளுக்கு வேறு இடம் கிடையாது.

"நான் இங்கேயே இருக்கேன்," என்றான் புளூயி தணிந்த குரலில். "கிழவரைத் தனியா விட முடியாது. ஸ்டேஷனுக்கு இங்கேருந்தே போன் பண்றேன். இப்ப இருக்கிற சார்ஜென்ட் மூக்கைத் தொடாதவர். நீ எங்கே போறே?"

"அப்பாகிட்ட."

"காகிதம் எங்கேன்னு உங்கம்மா கேட்பாங்களே. என்ன சொல்வே?"

கெரின் நோட்டைப் பைக்குள் வைத்தாள். காகிதத்தை மடித்து அதற்குள் செருகினாள். கோட்டுப் பொத்தானைப் போட வேண்டியதில்லை, கழற்றவே இல்லையே.

"அதுல கையெழுத்துப் போட இனிமே இடமில்லன்னு சொல்வேன்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.